நன்கொடை ஏலம் விடும் வேலை: அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்குள் வருவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

2022 பிப்ரவரி 12 அன்று பெங்களூருவில் ஐ.பி.எல் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது, ஏலம் விட்டுக்கொண்டிருந்த ஹியூ எட்மீட்ஸ் மேடையிலேயே மயங்கி விழுந்தார். நேரலையில் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. உடனே அதே ஊரில் இருந்த சாரு சர்மாவுக்கு அழைப்பு போனது. அவர் கிரிக்கெட் வர்ணனையாளர், வினாடி வினா நடத்துபவர். அன்று பிற்பகலே மேடையேறி, கோடிக்கணக்கில் பணம் புரளும் ஏலத்தை நிதானமாக நடத்திக் கொடுத்தார்.

எட்மீட்ஸைப் பற்றி நம்மில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. லண்டன் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் இருந்தவர் அவர். ஓவியம், பழைய கார்கள், ஐ.பி.எல் வீரர்கள் தவிர, அறக்கட்டளைகளுக்கு நிதி திரட்டும் ஏலங்களையும் தொழிலாகவே நடத்துகிறார். அமெரிக்காவில் இந்தக் கடைசி வகையை மட்டுமே வைத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ஆதரவற்றோர் இல்லத்துக்கு, விலங்குக் காப்பகத்துக்கு என்று ஒவ்வோர் ஊரிலும் விருந்து வைத்து நிதி திரட்டுகிறார்கள். அந்த இரவில் மைக்கைப் பிடித்து நிற்பவர்தான் நன்கொடை ஏலம் விடுபவர்.

இந்த வேலைக்குத் திட்டம் போட்டு வந்தவர்கள் குறைவு. ஆசிரியர்கள், வானொலி அறிவிப்பாளர்கள், நாடகக்காரர்கள், வீடு விற்கும் ஏஜென்ட்டுகள் என்று எங்கிருந்தோ வந்து சேர்ந்தவர்களே அதிகம். நான் டெக்சஸில் இருக்கிறேன். தமிழ்ச் சங்க மேடையில் தொகுத்து வழங்கிக்கொண்டிருந்தவன். மகளின் பள்ளி நிதி விழாவுக்கு ஏலம் விட வேண்டியவர் வரமுடியாமல் போக, மைக் என் கைக்கு வந்தது. அப்புறம் அதை விடவே இல்லை. மேடையில் தயங்காமல் பேசுகிற தமிழர்கள் அமெரிக்காவில் ஏராளம். அவர்களில் சிலருக்காவது இது பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

வேலை உண்மையில் என்ன

ஒரு வழக்கமான நிதி விருந்து மாலை 6 மணி வாக்கில் தொடங்கும். வந்தவர்கள் பானத்தோடு நின்று பேசிக்கொண்டே மௌன ஏலப் பொருட்களைப் பார்ப்பார்கள். மௌன ஏலம் என்றால் விலையை வாய்விட்டுக் கூவாமல் எழுதிவைத்துக் கேட்பது. முன்பெல்லாம் அதற்கு மேசையில் தாள் வைத்திருப்பார்கள். இப்போது பெரும்பாலும் போனிலேயே விலை கேட்கலாம். கிவ்ஸ்மார்ட், ஒன்காஸ், ஹேண்ட்பிட் போன்ற மென்பொருட்கள் அதற்கென்றே இருக்கின்றன. பிறகு விருந்து, அமைப்பைப் பற்றிய பேச்சு, ஒரு வீடியோ. அடுத்து உங்கள் நேரம். முதலில் மேடை ஏலம்: விடுமுறை வீட்டில் ஒரு வாரம், ஒரு சமையல்காரர் வீட்டுக்கே வந்து பத்துப் பேருக்குச் சமைப்பது, விளையாட்டுப் போட்டிக்கு முன்வரிசை டிக்கெட் மாதிரியானவை. அதையொட்டி 'பேடில் ரெய்ஸ்'. இதில் பொருளே கிடையாது. நீங்கள் ஒரு தொகையைச் சொல்வீர்கள், அதைக் கொடுக்க விரும்புகிறவர்கள் எண் அட்டையைத் தூக்குவார்கள். அவ்வளவுதான்.

இந்த இரவை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதே இல்லை. ஒரு வாழைத்தார் கடைவிலையைப் போல பல மடங்குக்குப் போகும். எடுத்தவரே அதைத் திருப்பிக் கொடுத்து, "இன்னொரு தடவை விடுங்க" என்பார். வாழைத்தாரின் விலை அங்கே எல்லோருக்கும் தெரியும். இருந்தும் கேட்கிறார்கள் என்றால், கூரை மாற்றவோ பள்ளி நடத்தவோ அந்தப் பணம் போகிறது என்பதும் தெரியும் என்பதால்தான். அமெரிக்க விருந்து மண்டபத்திலும் நடப்பது இதுவே. கொடுக்க மனமிருக்கிற ஒருவருக்கு, கொடுப்பதற்கு ஒரு நல்ல தருணத்தை உண்டாக்கித் தருவதுதான் உங்கள் வேலை. இனி சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இதிலிருந்தே வருகிறது.

உங்களுக்கு ஒத்துவருமா

குரல் வளம் முக்கியம் என்று நினைப்பார்கள். அது இரண்டாம்பட்சம். முதலில் வேண்டியது, பணம் கேட்கும்போது குரல் இறங்காமல் இருப்பது. யாரிடமும் கை நீட்டக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். "பத்தாயிரம் டாலர் யார் தருகிறீர்கள்?" என்று முந்நூறு பேர் முன்னால் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சிரித்த முகத்தோடு நிற்பது பலருக்கு உடம்பே கூசும் காரியம். உங்களுக்காகக் கேட்கவில்லை, புற்றுநோய் வார்டில் இருக்கும் ஒரு குழந்தைக்காகக் கேட்கிறீர்கள் என்பது மனதில் இறங்கிவிட்டால் அந்தக் கூச்சம் போய்விடும். இறங்காதவர்களுக்கு இந்த வேலை வேண்டாம். இதை நான் அழுத்தியே சொல்வேன்.

அடுத்தது மனக்கணக்கு. 250, 500, 750 என்று ஏறிக்கொண்டிருக்கும்போது யாராவது திடீரென 1,500 என்று குதிப்பார்கள். அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பது யோசிக்காமல் வர வேண்டும். மூன்றாவது, முகங்களைப் பார்க்கும் பழக்கம். கையைத் தூக்கலாமா என்று மனைவியைத் திரும்பிப் பார்க்கும் கணவரை நீங்கள் பார்த்துவிட வேண்டும். அவருக்கு மூன்று நொடி கொடுத்தால் போதும், கை உயரும்.

தமிழ் வாடை வீசும் ஆங்கிலம் ஒரு தடையா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. எண்கள் தெளிவாகக் கேட்க வேண்டும், அதுதான் முக்கியம். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் கடைசி வரிசையில் ஒன்றாகக் கேட்டால் வம்பு. அதனால் 'ஒன் தவுசண்ட் ஃபைவ் ஹண்ட்ரட்' என்று முழுதாகச் சொல்லிப் பழகுங்கள்.

முதலில் அறைக்குள் போங்கள்

காசு கட்டிப் பயிற்சிக்குப் போகும் முன், உங்கள் ஊரில் நடக்கும் நிதி விருந்துகளில் தொண்டராகச் சேருங்கள். மேசை போடுவதற்கும் பதிவு செய்வதற்கும் எப்போதும் ஆள் தேவைப்படும். கொஞ்சம் பழகியதும் 'பிட் ஸ்பாட்டர்' வேலையைக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தின் ஒரு பகுதியில் நின்றுகொண்டு, யார் அட்டையைத் தூக்குகிறார்கள் என்று பார்த்து மேடைக்குச் சத்தம் கொடுக்கும் வேலை அது. ஏலம் விடுபவருக்குத் தெரியாதது ஸ்பாட்டருக்குத் தெரியும்: மேசையில் என்ன பேசிக்கொள்கிறார்கள், யார் தயங்குகிறார்கள், எந்த நேரத்தில் கூட்டம் சலித்துப்போய்த் தங்களுக்குள் பேச ஆரம்பிக்கிறது. இந்த இடத்தில் நின்று கற்பதற்கு இணையாக எந்தப் பள்ளியும் கற்றுத்தராது.

பயிற்சியும் நாக்கும்

அமெரிக்காவில் ஏலம் விடக் கற்றுத்தரும் பள்ளிகளில் சில நூறாண்டுப் பழமை கொண்டவை. மிசூரி ஆக்‌ஷன் ஸ்கூல் 1905-இல் தொடங்கியது. இந்தியானாவின் ரெப்பர்ட் பள்ளி, அயோவாவின் வேர்ல்ட் வைட் காலேஜ் ஆஃப் ஆக்‌ஷனியரிங் ஆகியவையும் பழைய பெயர்கள். மாட்டுச் சந்தையிலும் பழைய கார் ஏலத்திலும் கேட்கும் அந்தப் படபடவென்ற ராகம் இங்கே சொல்லித்தரப்படும். எண்களுக்கு நடுவே இட்டுநிரப்பும் சொற்களைப் போட்டு, மூச்சு விடாமல் ஓட்டும் கலை.

நன்கொடை மேடையில் அந்த வேகம் வேண்டாம். மாட்டுச் சந்தையில் எதிரே இருப்பவர்கள் தினமும் வாங்கும் வியாபாரிகள். விருந்து மண்டபத்தில் இருப்பவர்களில் பலர் வாழ்க்கையில் முதல்முறையாக ஏலம் கேட்கப்போகும் பல் மருத்துவர்களும் வங்கி மேலாளர்களும். வேகமாகப் போனால் பயந்து கையை மடியில் வைத்துக்கொள்வார்கள். ஆனாலும் பயிற்சி வீண் இல்லை. நாக்கு பழகியிருந்தால்தான் மெதுவாகப் பேசும்போதும் எண் தடுமாறாது. பள்ளிக்குப் போகும் முன் காரில் தனியாக இருக்கும்போது 25, 50, 100, 250, 500 என்று ஒவ்வொரு படியிலும் ஏறி இறங்கிச் சொல்லிப் பாருங்கள். நாக்குப் பயிற்சிக்கு நம்மிடமே சரக்கு இருக்கிறது. 'ஓடுற நரியில ஒரு நரி கிழநரி', 'யார் தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை' இரண்டையும் வேகமாகச் சொல்லிவிட்டு ஆங்கில எண்களுக்குப் போனால் வாய் நன்றாகத் திறந்திருக்கும்.

நேஷனல் ஆக்‌ஷனியர்ஸ் அசோசியேஷன் என்ற தேசியச் சங்கம், நன்கொடை ஏலத்துக்கென்று தனியாக 'பெனிஃபிட் ஆக்‌ஷனியர் ஸ்பெஷலிஸ்ட்' பட்டம் தருகிறது. வகுப்போடு மேடை அனுபவமும் காட்ட வேண்டும். பெயருக்குப் பின்னால் இந்தப் பட்டம் இருப்பதைப் பெரிய அமைப்புகள் கவனிக்கும். இருந்தாலும் இதைவிட முக்கியம், அங்கே கிடைக்கும் சக தொழில்காரர்களின் பழக்கம். ஒரே சனிக்கிழமைக்கு இரண்டு அழைப்பு வந்தால் ஒருவர் இன்னொருவருக்குத் தள்ளிவிடுவார். என்னைப் போன்றவர்களுக்கு ஆரம்ப மேடைகள் அப்படித்தான் கிடைக்கின்றன.

நியூயார்க் கிறிஸ்டீஸில் பல ஆண்டுகள் இருந்த லிடியா ஃபெனெட் நடத்திய நன்கொடை ஏலங்களின் காணொளிகளைப் பாருங்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்து பேசுவதுபோல கூட்டத்தோடு பேசுவார், சீண்டுவார், சிரிக்க வைப்பார். யாரையும் போல நடிக்காமல் தன் இயல்பிலேயே நிற்பதால் வரும் பலம் அது. அதைப் பார்த்துவிட்டு அவரைப் போலப் பேச முயலாதீர்கள். உங்கள் இயல்பு எது என்று தேடுங்கள்.

உரிமம், விசா, வரி

இந்தப் பகுதி சுவாரசியமாக இருக்காது, ஆனால் தவிர்க்கவும் முடியாது.

ஏலம் விட உரிமம் வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் உரிமம் கட்டாயம். அதற்கு 80 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் உண்டு. கலிபோர்னியாவில் உரிமம் இல்லை, ஆனால் 20,000 டாலருக்கான உத்தரவாதப் பத்திரம் வைக்க வேண்டும். நியூயார்க்கில் மாநில அளவில் உரிமம் கிடையாது. சம்பளம் வாங்காமல் அறக்கட்டளைக்காக ஏலம் விடுபவருக்குச் சில மாநிலங்கள் விலக்குத் தருகின்றன. முதல் காசோலை வாங்கும் நாளிலிருந்து கதை வேறு. உங்கள் மாநில அரசின் தளத்தில் படித்து உறுதிசெய்துகொண்டு இறங்குங்கள்.

நம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய விஷயம் விசா. எச்-1பி விசாவில் இருப்பவர், அந்த விசாவுக்கு மனுப் போட்ட நிறுவனத்தைத் தவிர வேறு எங்கும் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. சனிக்கிழமை இரவு இரண்டு மணி நேர ஏலமும் வேலைதான். பணத்துக்குப் பதில் பரிசுக் கூப்பன் வாங்கினாலும் வேலைதான். அதனால் கிரீன் கார்டு வரும்வரை பள்ளிகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் முழுத் தொண்டாகவே செய்யுங்கள், சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள். எச்-1பி வைத்திருப்பவரின் துணைக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே வார இறுதியில் மட்டும் வேலை செய்ய நினைக்கிறவர்களுக்கு இது உண்மையிலேயே பொருத்தமான தொழில்.

வரியில் மூன்று விஷயங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஒன்று, 501 சி 3 அமைப்பின், அதாவது வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளையின் ஏலத்தில் ஒரு பொருளை எடுத்தவர், அதன் சந்தை மதிப்புக்கு மேல் கொடுத்த தொகைக்கு மட்டுமே வரிக் கழிவு கேட்கலாம். 2,000 டாலர் மதிப்புள்ள பயணத்தை 3,000 டாலருக்கு எடுத்தால் 1,000 டாலர்தான் நன்கொடைக் கணக்கு. அதனால் ஒவ்வொரு பொருளின் சந்தை மதிப்பையும் பட்டியலில் அச்சிடச் சொல்லுங்கள். இரண்டு, பேடில் ரெய்ஸில் கொடுத்ததற்குப் பதிலாக எதுவும் வாங்கவில்லை என்றால் அந்தத் தொகை முழுவதும் நன்கொடை. 250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவருக்கு அமைப்பிடமிருந்து எழுத்துபூர்வ ஒப்புகை வேண்டும். மூன்று, தன் விடுமுறை வீட்டை ஒரு வாரம் இலவசமாகத் தந்தவர் அந்த வாடகை மதிப்பைக் கழிவாகக் கேட்க முடியாது. இதைக் கேட்டு முகம் சுளிக்கும் கொடையாளர்கள் உண்டு. விழாக் குழு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இதற்கு மேல் யாராவது கேட்டால், "உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

கட்டணம்

நிலையான தொகையாக வாங்குங்கள். திரண்ட பணத்தில் சதவீதம் வேண்டாம். அசோசியேஷன் ஆஃப் ஃபண்ட்ரெய்சிங் ப்ரொஃபஷனல்ஸ் என்ற அமைப்பின் நெறிமுறை, நன்கொடையில் சதவீதம் வாங்குவதைத் தடை செய்கிறது. சதவீதம் வாங்கினால் சில மாநிலங்களில் தொழில்முறை நிதி திரட்டுபவராகப் பதிய வேண்டிவரலாம். சட்டத்தை விடுங்கள். ஒரு பாட்டி தன் ஓய்வூதியத்திலிருந்து 100 டாலருக்கு அட்டையைத் தூக்கும்போது, அதில் ஒரு பங்கு என் பைக்கு வரும் என்ற நினைப்பு என் மனதில் இருக்கக்கூடாது. இருந்தால் அது குரலில் தெரிந்துவிடும்.

தொடக்கத்தில் சில நூறு டாலரில் ஆரம்பித்து, நல்ல பெயர் வந்ததும் ஓர் இரவுக்குப் பல ஆயிரம் டாலர் வரை வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் ஒரு வரம்பு இருக்கிறது. நிதி விருந்துகள் பெரும்பாலும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், அதிலும் சனிக்கிழமைகளில் குவிகின்றன. விற்பதற்கு உங்களிடம் இருப்பது அந்தச் சனிக்கிழமைகள் மட்டுமே. அதனால் முழுநேரமாகச் செய்பவர்கள், விழாவுக்கு முந்தைய ஆலோசனைக்கும் சேர்த்தே கட்டணம் வைக்கிறார்கள். அது நியாயமும்கூட, ஏனென்றால் பணம் திரள்வது பெரும்பாலும் அந்த ஆலோசனையில்தான் முடிவாகிறது.

ஏல இரவுக்கு முந்தைய மாதங்கள்

விழாக் குழுவோடு குறைந்தது மூன்று மாதத்துக்கு முன்பே உட்காருங்கள். முதல் கேள்வி பொருட்களைப் பற்றி இருக்கக்கூடாது. "இந்தப் பணம் வந்தால் என்ன நடக்கும்? வராவிட்டால் என்ன நின்றுபோகும்?" என்று கேளுங்கள். "எங்கள் திட்டங்களுக்கு உதவும்" என்று பதில் வந்தால் விடாதீர்கள். எந்தத் திட்டம், எத்தனை குழந்தைகள், ஒரு குழந்தைக்கு எவ்வளவு செலவு என்று தோண்டுங்கள். முடிந்தால் அந்த இடத்துக்கே ஒருமுறை போய்வாருங்கள். காப்பகத்தின் சமையலறையை நேரில் பார்த்தவர் மேடையில் பேசுவதற்கும், துண்டுச்சீட்டைப் பார்த்துப் படிப்பவர் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் கடைசி மேசைவரை தெரியும்.

அடுத்து பொருட்கள். குழுவினர் பெருமையோடு இருபது பொருட்களைக் காட்டுவார்கள். மேடைக்கு ஆறிலிருந்து பத்து போதும். மற்றதெல்லாம் மௌன ஏலத்துக்கு. ஒரு பொருளுக்குச் சராசரியாக மூன்று நிமிடம் ஆகும். அரை மணிக்கு மேல் போனால் கூட்டம் கைவிட்டுப் போகும். ஓவியம், நகை போன்றவை ஆளுக்கு ஆள் பிடித்தமானவை, மேடையில் தூங்கிவிடும். அனுபவங்கள்தான் போகும், அதுவும் பணம் கொடுத்தாலும் வெளியே கிடைக்காத அனுபவங்கள். வாரன் பஃபெட்டோடு மதிய உணவு சாப்பிடும் வாய்ப்பை சான் ஃபிரான்சிஸ்கோவின் கிளைடு அமைப்பு 2000-இலிருந்து ஏலம் விட்டுவந்தது. கடைசி என்று அறிவித்து 2022-இல் நடத்திய ஏலத்தில் அது 1,90,00,100 டாலருக்குப் போனது. உங்கள் பள்ளியில் பஃபெட் இருக்க மாட்டார். ஆனால் ஒருநாள் தலைமையாசிரியராக இருப்பது, பட்டமளிப்பு விழாவில் முன்வரிசை, மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்த போர்வை இவையெல்லாம் அந்தச் சின்ன உலகத்தில் விலைமதிப்பில்லாதவை. பெற்றோர் போட்டிபோட்டுக் கேட்பார்கள்.

வரிசையும் முக்கியம். முதல் பொருள் எல்லோராலும் கேட்க முடிகிற விலையில், சிரிப்புக்கு இடம் தருவதாக இருக்கட்டும். சிறந்த பொருளை மூன்றாவது, நான்காவது இடத்தில் வையுங்கள். கடைசியில் வைத்தால் அதற்குக் காத்திருந்தவர்கள் ஏற்கெனவே களைத்திருப்பார்கள், தோற்றவர்களுக்கு வேறு பொருள் எடுக்க வாய்ப்பும் இருக்காது. தொடக்க விலையைச் சந்தை மதிப்பில் பாதிக்கும் கீழே வையுங்கள். 2,000 டாலர் பொருள் என்றால் 800-இல் ஆரம்பித்து நூறு நூறாக ஏற்றலாம். கீழே தொடங்கினால் நிறைய கைகள் உயரும், அந்தக் கைகளைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வரும். ஒரு பொருளைத் தந்தவரிடம், "இரண்டு பேர் கடைசிவரை போட்டிபோட்டால் இன்னொன்று தருவீர்களா?" என்று முன்பே ரகசியமாகக் கேட்டுவையுங்கள். சமையல்காரர்களும் விடுமுறை வீட்டுக்காரர்களும் பெரும்பாலும் சரி என்பார்கள். அதே விலைக்கு இருவருக்கும் விற்று, வருமானம் ஒரே நொடியில் இரட்டிப்பாகும்.

பிறகு மண்டபம். ஒலிபெருக்கிகள் மேடைக்குப் பக்கத்தில் மட்டும் இருந்தால் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது, அவர்கள் பேச ஆரம்பிப்பார்கள், அப்புறம் முன்னால் இருப்பவர்களுக்கும் கேட்காது. மண்டபம் முழுக்க ஒலிபெருக்கிகளைப் பரப்பி வைக்கச் சொல்லுங்கள். அலங்காரக்காரர்கள் விளக்கை மங்கலாக்க ஆசைப்படுவார்கள். ஏல நேரத்தில் முழு வெளிச்சம் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பார்க்க முடியாத கைக்கு விற்க முடியாது. மென்பொருள் இருந்தாலும், ஒருவர் தாளில் எண்ணும் தொகையும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். இணையம் போன ஓர் இரவில் அந்த ஒற்றைத் தாள் முழு நிகழ்ச்சியையும் காப்பாற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

பேடில் ரெய்ஸ்: இரவின் இதயம்

மேடை ஏலத்தில் ஒரு பொருளுக்கு ஒருவர்தான் கொடுப்பார். இதில் அறையில் இருக்கும் அனைவரும் கொடுக்கலாம். அதனால்தான் பல விருந்துகளில் பொருட்களைவிட இதில் அதிகம் திரள்கிறது. இருந்தும் குழுவினர் இதைக் கடைசியில் அவசரமாகத் திணிப்பார்கள். இரவு ஒன்பதைத் தாண்டினால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவரை விடுவிக்க வேண்டும் என்று ஆட்கள் கிளம்புவார்கள். விருந்து முடியும் தறுவாயில், இனிப்பு வருமுன் வைத்துவிடுங்கள்.

இதற்குச் சற்று முன்னால் ஒரே ஒரு கதை போதும். அந்த அமைப்பால் உதவி பெற்ற ஒருவர் நேரில் வந்து மூன்று நிமிடம் பேசினால் அதற்கு ஈடு இல்லை. அவர் பேசி முடித்ததும் இன்னொருவர் வந்து ஸ்பான்சர்களுக்கு நன்றி சொன்னால் எல்லாம் கெட்டது. அவர் மேடையைவிட்டு இறங்கும்போதே நீங்கள் ஏற வேண்டும். அந்த ஈரத்தோடு கேட்க வேண்டும்.

மேலிருந்து கீழே வாருங்கள். 200 பேர் இருக்கும் ஒரு விருந்தில் 60,000 டாலர் இலக்கு என்று வைத்துக்கொள்வோம். 10,000 டாலருக்கு ஒருவர், 5,000-க்கு இருவர், 2,500-க்கு நால்வர், 1,000-க்குப் பன்னிரண்டு பேர், 500-க்கு இருபது பேர், 250-க்கு இருபது பேர், 100-க்கு முப்பது பேர் சேர்ந்தால் கணக்கு நேராகிறது. இந்தக் கணக்கைக் குழுவோடு உட்கார்ந்து முன்பே போட வேண்டும். உச்சத் தொகைக்கு ஒருவராவது முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும். வெறும் கூட்டத்தைப் பார்த்துப் பத்தாயிரம் கேட்டு யாரும் அசையாவிட்டால், அந்த மௌனம் கீழ்ப்படிகளுக்கும் பரவும். முதல் கை உடனே உயர்ந்தால் அறையே நிமிர்ந்து உட்காரும். அவர் உண்மையிலேயே கொடுக்கப்போகிறவர், அவருடைய சம்மதத்தோடு அவர் எழுகிறார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கொடுக்காத ஒருவரை எழச் சொல்லி நடிக்கவைப்பதுதான் மோசடி. அதைச் செய்யச் சொல்லும் குழுவோடு வேலை செய்யாதீர்கள்.

ஒவ்வொரு தொகையோடும் அதனால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லுங்கள்: "ஒரு பெண்ணும் அவள் குழந்தைகளும் ஒரு மாதம் பாதுகாப்பான வீட்டில் இருக்க 2,500 டாலர்." பிறகு காத்திருங்கள். புதிதாக வருபவர்கள் எல்லோருக்கும் இதுதான் சிரமம். இரண்டு நொடி அமைதி இருபது நொடி மாதிரித் தோன்றும், உடனே அடுத்த தொகைக்கு இறங்கிவிடுவார்கள். மேசையில் கணவனும் மனைவியும் கண்ணால் பேசி முடிவெடுக்க நேரம் வேண்டும். மூச்சை இழுத்து விட்டு, அறையை இடமிருந்து வலமாக ஒருமுறை முழுக்கப் பாருங்கள். இன்னும் இரண்டு கை உயரும். உயர்ந்த ஒவ்வோர் அட்டையின் எண்ணையும் உரக்கப் படித்து நன்றி சொல்லுங்கள். எழுதுபவருக்கும் அது உதவும், கொடுத்தவருக்கும் தன்னைக் கவனித்தார்கள் என்ற நிறைவு இருக்கும்.

100 டாலருக்கு வரும்போது குரலில் உற்சாகம் குறையவே கூடாது. அந்த இரவில் தொண்டு செய்யும் இளைஞர்களும் ஆசிரியர்களும் அட்டையைத் தூக்கும் இடம் இது. பத்தாயிரம் கொடுத்தவருக்குச் சொன்ன அதே அளவு நன்றி இவர்களுக்கும் சேர வேண்டும். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நீங்கள் ஏன் கொடுக்கவில்லை?" என்று கேட்கவே கூடாது. ஒருவரைச் சங்கடப்படுத்தி வாங்கும் பணம் அடுத்த ஆண்டு திரும்பி வராது, அவரும் வரமாட்டார்.

மேடை ஏலத்தில் சில நுணுக்கங்கள்

எப்போதும் அடுத்த விலையைக் கேளுங்கள். "ஆயிரம் இருக்கிறது, ஆயிரத்து நூறு கேட்கிறேன்" என்ற இரண்டு எண்களும் கூட்டத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருவர் போட்டி போடும்போது பார்வையை அவர்கள் இருவருக்கும் இடையிலேயே வையுங்கள், மூன்றாமவர், அந்த இருவரில் ஒருவர் ஒதுங்கும்வரை காத்திருப்பார். தலையசைத்து மறுத்தவரிடம் ஒருமுறை மட்டும் சிரித்தபடி கேட்கலாம், இரண்டாம் முறை வேண்டாம். யாரும் கேட்காத விலையைக் கேட்டதாகச் சொல்லி ஏற்றுவது நீங்கள் செய்யவே கூடாத காரியம். ஒரே ஒருவர் கண்டுபிடித்தாலும் அந்த ஊரில் உங்கள் தொழில் முடிந்தது. தோற்றவரிடம், "நல்ல போட்டி கொடுத்தீர்கள், நன்றி" என்று சொல்லிவிட்டுத்தான் சுத்தியலைத் தட்ட வேண்டும். பேடில் ரெய்ஸில் முதலில் எழுபவர் பல நேரம் அவராகத்தான் இருப்பார்.

மது ஊற்றுகிற விருந்து என்பதையும் மறக்காதீர்கள். தள்ளாடுகிறவர் கைதூக்கினால், பக்கத்தில் இருக்கும் அவர் துணையைப் பார்த்து ஒரு பார்வை. துணை சரி என்று தலையாட்டினால்தான் அவர் கேட்ட விலையை எடுப்பேன்.

விழா முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் குழுவோடு பேசுங்கள். எந்தப் பொருள் எதிர்பார்ப்புக்குக் கீழே போனது, எந்தப் படியில் கைகள் குறைந்தன, எத்தனை மணிக்கு ஆட்கள் கிளம்பினார்கள் என்று எழுதிக்கொடுங்கள். இதை யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் அடுத்த ஆண்டும் உங்களையே அழைப்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும். அனுமதி வாங்கி ஒரு மூன்று நிமிடக் காணொளி எடுத்து வையுங்கள். புதிய அமைப்புகள் உங்களிடம் முதலில் கேட்பது அதைத்தான்.

புதிய மேடைகளுக்கு வெகுதூரம் போக வேண்டாம். பள்ளிப் பெற்றோர் சங்கம், உள்ளூர் உணவு வங்கி, விலங்குக் காப்பகம் இவற்றில் முதல் ஓரிரு பருவங்களை இலவசமாகச் செய்யலாம். நம் தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் நிதி திரட்டும் இரவு உணவுகளை நடத்துகின்றன. ஆனால் பெரும்பாலும் ஒருவர் எழுந்து, "தாராளமாக உதவுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அங்கே தமிழிலேயே பேடில் ரெய்ஸ் நடத்திப் பாருங்கள். ஒரு குழந்தைக்கு ஓராண்டு தமிழ்ப் பாடநூலும் வகுப்பும் எவ்வளவு என்று கணக்குச் சொல்லி, மேலிருந்து கீழாக, ஒவ்வொரு கைக்கும் பெயர் சொல்லி நன்றியோடு கேளுங்கள். அடுத்த விழா எப்போது என்று இன்றே உங்கள் சங்கச் செயலாளரிடம் கேட்டு, தேதியைக் குறித்துவையுங்கள்.